ஒரு விரல் அகல நரை

"கொலுசு வெள்ளி நிறத்துலயே தெரியணும்னா, அந்தப் பொற்கொடி பின்னலை ஓரமா வெச்சு எடுக்கணுமாம்" என்று ஷேர் ஆட்டோவில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா, நாளைக்குக் குழாயில் தண்ணீர் வருமாம் என்று சொல்கிற குரலில் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பக்கத்திலிருந்தவர், "எந்தப் பக்கம் வெக்கணும், வலமா இடமா?" என்று மட்டும் கேட்டார். நான் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன். அந்த விஷயம் மாடியறையில் வேலை செய்யும் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், வெள்ளிப் பட்டறைகள் ஒன்றோடொன்று தோள் இடித்து நிற்கும் ஒரு சந்தில், ஒரு பட்டறைக்கு மேலே இருந்தது எங்கள் மாடியறை. சந்தில் செய்யப்படும் கொலுசையும் மெட்டியையும் அரைஞாணையும் படம் எடுத்து இணையத்தில் விற்றுக் கொடுப்பது குணசீலன் அண்ணனின் தொழில். நான் படம் எடுத்துத் திருத்துவேன். பொற்கொடி அக்கா கொலுசுகளைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, துடைத்து, மேஜையில் விரித்த துணிமேல் ஒரு கால் அளவுக்கு வளைத்து வைப்பாள். அக்காவுக்கு நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. தன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டில் இருந்தாள்.

வெள்ளிக்கென்று தனியாக நிறம் கிடையாது, எதிரில் எது நிற்கிறதோ அதன் நிறம்தான் அதற்கு. எங்கள் மேஜைக்கு இடது பக்க ஜன்னலில் எதிர்மாடியின் நீலத் தார்ப்பாய் இருந்தது, வலது பக்க ஜன்னலில் யாரோ புதுமனை புகுவிழாவுக்கு அடித்த ஆரஞ்சுச் சுவர் இருந்தது, தலைக்குமேல் பச்சையாக அழும் ஒரு டியூப் லைட் இருந்தது. அதனால் எங்கள் கொலுசுகளெல்லாம் இடது ஓரத்தில் நீலமாகவும் வலது ஓரத்தில் ஆரஞ்சாகவும் நடுவில் பாசி பிடித்தும் ஊர் ஊராகப் போய், "படத்தில் இருந்தது இது இல்லை" என்ற ஒரே வரியோடு திரும்பி வந்தன. போதாததற்குக் கேமராவுக்கு ஒரு குணம் உண்டு, எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கிவிடப் பார்க்கும். வெள்ளைத் துணி விரித்தால் அழுக்கு வேட்டியாக்கும், கறுப்பு வெல்வெட் விரித்தால் வெயிலில் வெளுத்த குடையாக்கும். "வெள்ளி வெள்ளையாத்தானம்மா இருக்கணும், இன்னும் ஏத்து" என்பார் குணசீலன் அண்ணன். நான் வெளிச்சத்தை ஏற்றுவேன். சலங்கை மணிகள் ஒவ்வொன்றாகத் துணியின் வெண்மைக்குள் கரைந்து, கடைசியில் கொக்கி மட்டும் மிச்சம் நிற்கும்.

இதற்கென்றே விற்கிற சாம்பல் நிற அட்டை ஒன்றைக் குணசீலன் அண்ணன் வரவழைத்தார். இதுதான் சாம்பல் என்று கேமராவுக்குக் காட்டிவிட்டால் மற்ற நிறங்களை அது தானே சரி செய்துகொள்ளும். அட்டை வந்த அன்றே, பட்டறைப் புகையில் அழுக்காகிவிடக் கூடாதென்று, முனை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து இரண்டு பக்கமும் லேமினேஷன் போட்டு வாங்கி வந்தார். அது கண்ணாடிபோலப் பளபளத்து, நீலத் தார்ப்பாயையும் ஆரஞ்சுச் சுவரையும் டியூப் லைட்டையும் தன்னில் காட்டிக்கொண்டு மேஜையில் கிடந்தது. பிறகு அதில் டீ டம்ளர் வைக்க ஆரம்பித்தோம்.

பொற்கொடி அக்கா இரண்டு ஞாயிறுக்கு ஒரு முறை தலைக்கு டை அடிப்பவள். சித்திரையில் ஒரு தடவை அந்தப் பொடி ஒத்துக்கொள்ளாமல் பின்கழுத்தெல்லாம் கொப்பளித்து, இரண்டு மாதத்துக்கு அந்தப் பக்கமே போகக்கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படித்தான் பழைய சாயம் அலச அலசக் கழன்று, இடது காதுக்குப் பின்னால் கிளம்பி, பின்னலோடு பின்னலாக நுனிவரைக்கும் இறங்கும் ஒரு விரல் அகல நரை வெளியே வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா குனிந்து கொலுசின் திருகாணியைச் சரி செய்தபோது பின்னல் முன்னால் சரிந்து மேஜையில் விழுந்தது. நான் தெரியாமல் பொத்தானை அமுக்கிவிட்டேன். அன்று எடுத்த நாற்பது படங்களில் அந்த ஒன்றில் மட்டும் கொலுசு வெள்ளியாக இருந்தது.

அந்த நரை எந்த வெளிச்சத்தின் நிறத்தையும் ஏற்றுக்கொள்ளவில்லை. மஞ்சள் பல்பைப் போட்டால் அறையின் சுவரும் கூரையும் கதவும் மஞ்சளாகும், நரை சாம்பலாகவே இருக்கும். தார்ப்பாய்ப் பக்கம் நின்றால் சுற்றிலும் அறை நீலமாகும், நரை சாம்பலாகவே இருக்கும். சாயங்காலம் சந்து முழுவதும் செம்பு நிறத்தில் நனைந்து கிடக்கும்போதும் அது மட்டும் நனையாது. அதைச் சுற்றி ஒரு கை நீளத்துக்கு எந்தப் பொருளை வைத்தாலும், அது கடையில் காட்டிய நிறத்தையும் வீட்டில் காட்டிய நிறத்தையும் உதறிவிட்டு, தன் சொந்த நிறத்துக்குத் திரும்பிவந்து உட்கார்ந்துகொள்ளும். துண்டாலோ முந்தானையாலோ நரையை மூடிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். நான் நரையின்மேல் கேமராவின் அளவுப் புள்ளியை வைத்து வெளிச்சத்தை அளந்தேன், அதையே சாம்பல் என்று கேமராவுக்குச் சொன்னேன், படத்தின் ஓரத்திலிருந்து பின்னலை வெட்டி எடுத்துவிட்டேன். மணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அதன்பிறகு கொலுசுகள் திரும்பி வரவில்லை.

"அட்டையை வாங்கினதுக்குப் பதிலா உன்னையே பாத்திருக்கலாம்" என்றார் குணசீலன் அண்ணன்.

"என்னையும் லேமினேஷன் போட்டுருப்பீங்க" என்றாள் அக்கா.

விஷயம் சந்துக்குள் எப்படி இறங்கியது என்று தெரியவில்லை. மேட்சிங் ஜாக்கெட் துணி வாங்கப் போகும் பெண்கள், துணியைக் கடைவாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பிடித்துப் பார்ப்பதை விட்டுவிட்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்கள். தையல்காரர் நூல்கண்டுகளை ஒரு கூடையில் கொண்டு வந்தார். மஞ்சள் மண்டிக்காரர் மூன்று கிண்ணம் தூளோடு வந்து, எது கலப்படமில்லாதது என்று பார்த்துவிட்டு, மூன்றையும் மூடிக்கொண்டு பேசாமல் இறங்கிப் போனார். மாப்பிள்ளை மாநிறமா கறுப்பா என்று இரண்டு வீட்டாருக்கும் நடந்த வாக்குவாதம், மாப்பிள்ளையையே கூட்டிவந்து அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்ததும் முடிந்தது. அவன் வெட்கப்பட்டுச் சிவந்திருந்ததால் சரியான நிறத்துக்காகக் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. பிறந்து நான்கு நாளான குழந்தை ஒன்றை, கண் மஞ்சளாக இருக்கிறதா பல்பு மஞ்சளாக இருக்கிறதா என்று தெரியாமல் தூக்கிவந்தார்கள். குழந்தைதான் மஞ்சள் என்று தெரிந்ததும், அக்கா செருப்புக்கூடப் போடாமல் அவர்களோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கொக்கி செய்யும் பட்டறையின் பெரியவர் ராமானுஜம், சிவந்து மங்கிப்போன தன் கல்யாணப் போட்டோவைக் கொண்டு வந்தார். அவர் மனைவி அன்று கட்டியிருந்தது பச்சைப் புடவை என்று அவரும், நீலம் என்று மகனும் ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பின்னலுக்குப் பக்கத்தில் பிடித்ததும் போட்டோவின் சிவப்பு கழன்று போயிற்று. புடவை கத்தரிப்பூ நிறம். பெரியவர் வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "இதுவும் அவளுக்கு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, மறுநாளும் அதைப் பார்க்க வந்தார்.

எல்லாருக்கும் இது பிடித்தது என்று சொல்ல முடியாது. முகப்பவுடர் போடும் இரண்டு டீச்சர்கள் பஸ்ஸில் அக்கா ஏறினால் எழுந்து பின்சீட்டுக்குப் போனார்கள். பஜாரில் நகைக்கடைக்காரர் ஒருவர் அக்கா வருவதைப் பார்த்ததும் ஷட்டரைப் பாதி இறக்கினார். ஆனாலும் சந்தின் பட்டறைச் சங்கத்தார் கூடி, பழைய காலண்டரின் பின்பக்கத்தில் ஒரு அட்டவணை எழுதி எங்கள் கதவில் ஒட்டினார்கள்: காலையில் வெள்ளி, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஜாக்கெட் துணி, மூன்று மணிக்குமேல் இதர நிறங்கள், குழந்தைகளுக்கு எந்த நேரமும். ஒரு முடியை மட்டும் பிடுங்கிக் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்டார்கள். அக்கா சீப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தும் பார்த்தாள். தலையை விட்டு வந்த முடி, ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம்வரைக்கும்தான் உண்மை சொன்னது. பிறகு அதுவும் பக்கத்திலிருப்பவர்கள் நிறத்துக்கு மாறிவிட்டது.

அட்டவணையில் எங்கும் அக்காவுக்கென்று ஒரு நேரம் எழுதப்படவில்லை. நான் அதைக் கவனித்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

ஆனி பிறந்து பத்து நாளில், அக்காவின் அண்ணி வசுமதி, ஆத்தூரிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது என்று மாடியேறி வந்தாள். பெயர் சுகவனம். நாற்பத்தாறு வயது. மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது தனக்கு நேரமாகிவிட்டிருந்தது. ஆத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பல்பு, டியூப் லைட் கடை. "ஒரு நல்ல போட்டோ எடுத்து அனுப்பு கண்ணு" என்று என்னிடம் அவர்கள் போன் நம்பரைக் கொடுத்தாள்.

மேஜைக்குப் பக்கத்திலேயே அக்காவை உட்காரவைத்து எடுத்தேன். பின்னல் தோளில் முன்னால் கிடந்தது. அவ்வளவு சரியான படத்தை நான் அதற்கு முன் எடுத்ததில்லை. அக்காவின் கன்னம் கன்னத்தின் நிறத்தில் இருந்தது. அனுப்புவதற்கு முன்னால், சலங்கை மணியில் கீறல் இருந்தால் அழிப்பதுபோல, கை தானாகப் போய், நரையை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் கறுப்பாக்கிவிட்டது. நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். யாரும் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

மறுநாளே சம்மதம் வந்தது. அதற்கடுத்த நாள் சுகவனமே அக்காவுக்குப் போன் செய்தார். அக்கா ஜன்னலோரம் போய் நின்று பேசினாள், அதாவது பெரும்பாலும் கேட்டாள், இரண்டு முறை சிரித்தாள். தினமும் மதியம் போன் வந்தது. ஜாக்கெட் துணிக்காரர்கள் படியில் காத்திருந்தார்கள்.

"என்னக்கா சொல்றாரு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெள்ளை பல்பு வாங்கறவங்க வீட்டுக்குப் போய் மாட்டிட்டு, மறுநாள் வந்து மஞ்சளுக்கு மாத்திட்டுப் போறாங்களாம். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க முடியலயாம்." அக்கா கொலுசைத் துணியில் உருட்டினாள். "எதச் சொன்னாலும் நிதானமா சொல்றாரு கண்ணு. அவசரமே இல்ல. இந்த வயசுல யாராச்சும் நம்மகிட்ட அவசரமில்லாம பேசினா, போயிடலாம்னு தோணுது."

அவள் அப்படி எதையும் வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அனுப்பிய படத்தைப் போனில் திறந்து பார்த்து, மறுபடி மூடினேன்.

ஆனி கடைசி ஞாயிறு பெண் பார்க்க வருவதாக முடிவாயிற்று. ஆடி பிறந்துவிட்டால் வரமாட்டார்கள். அதே ஆடியில்தான் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே கொலுசு வாங்கும், அதனால் அத்தனை படங்களும் ஆனிக்குள் எடுத்தாக வேண்டும். வசுமதி அண்ணி டை பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். மருந்துக்கடைக்காரர் அதைத் தையல்காரரிடம் சொன்னார், தையல்காரர் நூல்கண்டோடு சந்து முழுவதும் சொன்னார். அன்று மாலையே சங்கம் கூடியது. மாப்பிள்ளை கடையைச் சேலத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று ஒருவர் கேட்டார். ஆத்தூருக்கு ஒன்றரை மணி நேரம்தான், காலையில் வந்து சாயங்காலம் போகலாமே என்றார் இன்னொருவர். குணசீலன் அண்ணன் மறுநாள் அக்காவிடம் வந்து, மேஜைத் துணியைத் தேவையில்லாமல் நீவிக்கொண்டே நின்றார்.

"நான் ஒண்ணும் சொல்லல பொற்கொடி. உன் தலை, உன் இஷ்டம். டை ஞாயித்துக்கிழமை காலைலதான அடிப்ப?"

"ஆமாங்கண்ணா."

"சனிக்கிழமை ராத்திரி அடிச்சிடாத. இன்னும் முப்பது ஐட்டம் இருக்கு."

"சரிங்கண்ணா."

"அடிக்காமலே இருந்தாலும் எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

"தெரியுதுங்கண்ணா."

வெள்ளிக்கிழமை அக்கா பூந்திக்கொட்டை நுரைக்குள் கைவிட்டு அலசிக்கொண்டிருந்தபோது, நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தொட்டியைப் பார்த்தபடியே சொன்னேன். படத்தில் நரையைக் கறுப்பாக்கி அனுப்பினேன் என்று. அவர் பார்த்தது அந்தப் படத்தைத்தான் என்று. அக்கா ஒரு கொலுசை எடுத்து, உதறி, இன்னொன்றை எடுத்து, அதையும் உதறினாள். தொட்டியில் இருந்தவை தீர்ந்தன.

"அப்ப அவரு தெனமும் பேசறது வேற ஒருத்திகூட" என்றாள்.

"சரியான படத்தை இப்ப அனுப்பட்டுமாக்கா? நானே போன் பண்ணிச் சொல்லட்டுமா?"

"நீ போன்ல பேசவா. டீக்கடையில சர்க்கரை கம்மின்னு சொல்லவே உனக்கு வாய் வராது." ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். "நீ ஒண்ணும் பண்ணாத கண்ணு. ஒரு தடவ பண்ணினது போதும். கறுப்பாக்கினதுகூடப் பரவால்ல, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாருமே கேக்கல. அடிங்கறாங்க, அடிக்காதங்கறாங்க. என் தலை என் உடம்புலதான இருக்கு."

எனக்கு அழுகை வந்தது. அக்கா தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து, "ஞாயித்துக்கிழமை நீ வந்து உக்காரு. நீதான படம் எடுத்தவ" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா டை அடிக்கவில்லை. இன்னும் பின்கழுத்து ஆறவில்லை, அடித்தால் மறுபடி கொப்பளிக்கும் என்று அண்ணியிடம் சொன்னாளாம். அண்ணி அசரவில்லை. நான்கு முழம் மல்லிகையைக் காதுக்குப் பின்னாலிருந்து நுனிவரைக்கும் பின்னலோடு சுற்றி, ஊசிமேல் ஊசியாகக் குத்தி, நரை ஒரு நூலளவுகூடத் தெரியாதபடி மூடிவிட்டாள். அவர்கள் வீட்டுக் கூடத்துக்குப் புது பல்பு ஒன்று மாட்டியிருந்தாள், அதன் கீழே எல்லாரும் இப்போதுதான் நெய்யில் தோய்த்து எடுத்ததுபோல இருந்தோம். வாசலில் தையல்காரர் சைக்கிள் செயினைச் சரி செய்துகொண்டிருந்தார். அவரிடம் சைக்கிள் கிடையாது. ராமானுஜம் பெரியவரும் சங்கத்தாரும் அவர் செயின் மாட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். குணசீலன் அண்ணன் எதிர்வீட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றார்.

சுகவனம் கடைசித் தங்கையோடு வந்தார். உயரம், ஒல்லி, அகலமான கறுப்பு மீசை. உட்கார்ந்ததும் மேலே பல்பைப் பார்த்தார்.

"வார்ம் ஒயிட்டுங்களா?"

"ஆமாங்க, புதுசு" என்றாள் அண்ணி.

"பொண்ணு பாக்கற வீட்டுக்கெல்லாம் இதத்தான் வாங்கிட்டுப் போவாங்க. நானே எத்தனையோ குடுத்திருக்கேன். இதுக்குக் கீழ உக்காரறது இதான் மொத தடவ."

அக்கா காப்பித் தட்டோடு வந்து கொடுத்துவிட்டு, எதிரில் பாயில் உட்கார்ந்தாள். தங்கை தன் போனை எடுத்து நான் அனுப்பிய படத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "போட்டோல எப்படியோ அப்படியேதாண்ணா இருக்காங்க" என்றாள். அண்ணி மூச்சு விட்டாள். நான் என் கால்விரலைப் பார்த்தேன்.

அக்கா கையைப் பின்னால் கொண்டுபோய் முதல் ஊசியை எடுத்தாள். பிறகு அடுத்ததை. அண்ணி, "பொற்கொடி" என்று மெதுவாகச் சொன்னாள். அக்கா ஊசிகளைத் தட்டில் ஒவ்வொன்றாகப் போட்டு, மல்லிகையைச் சுற்றுக்குச் சுற்று பிரித்து மடியில் வைத்துவிட்டு, பாயிலிருந்து எழுந்து, சுகவனத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, பின்னலை முன்னால் எடுத்துத் தோளில் போட்டாள்.

பல்பின் நெய் நிறம் வழிந்து இறங்கியது. காப்பி காப்பியின் நிறத்துக்கு வந்தது, பால் கொஞ்சம் அதிகம். தங்கையின் பட்டுப்புடவைச் சரிகை செம்பாயிற்று. சுகவனத்தின் சட்டையில் காலர் மடிப்புக்குள் மட்டும்தான் பழைய வெள்ளை மிச்சம் என்று தெரிந்தது. அவருடைய மீசை பேனா மை கொட்டியதுபோல நீலம் ஓடிய கறுப்பில் இருந்தது, அதன் ஓரம் உதட்டுக்குமேல் கொஞ்சம் இழுபட்டு, தோலிலும் ஏறியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தையல்காரர் இருமினார்.

"இது போட்டோல இல்லீங்க" என்றாள் அக்கா, நரையைத் தொட்டு. "ஆனா இருக்கு."

சுகவனம் அந்த நரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பல்புக் கடையில் முப்பது வருஷம் நின்றவர், பல்பையும் நரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எதிரே, போன் திரையில் கறுப்புப் பின்னலோடு இருந்தவளையும் ஒரு தடவை பார்த்தார். அவர் கை சட்டைப்பைக்குப் போயிற்று.

"அண்ணா, வேண்டாம். மை கலைஞ்சிடும்" என்றாள் தங்கை.

சுகவனம் கைக்குட்டையை எடுத்து, அதன் ஒரு முனையைத் தண்ணீர் டம்ளரில் நனைத்து, அவசரமில்லாமல் மீசையின் இடது பக்கத்தைத் துடைத்தார், மைக்குக் கீழே நரை தெரிந்தது. பிறகு முனையை மடித்து, மறுபடி நனைத்து, வலது பக்கத்தையும் துடைத்தார்.